எட்டு இடத்துக் கடனும் ஒரு நாற்பது பக்க நோட்டும்: சிக்கனமாக வாழ்ந்து கடனை முடிக்க முழுமையான வழிகாட்டி

2021 ஜூன் மாதம் ஒரு ராத்திரி, மகளின் பள்ளிக் கட்டணத்துக்கு யாரிடம் கேட்கலாம் என்று நானும் வீட்டுக்காரரும் யோசித்துக்கொண்டிருந்தோம். அவர் சொன்ன ஒவ்வொரு பெயருக்கும் "அவங்ககிட்ட ஏற்கெனவே வாங்கியிருக்கோமே" என்றேன். நான் சொன்ன பெயர்களுக்கு அவரும் அதையே சொன்னார். எங்களுக்கு எத்தனை கடன் இருக்கிறது என்பது அன்றைக்குத்தான் இரண்டு பேருக்கும் முழுசாகத் தெரிந்தது.

திண்டுக்கல்லில் வாடகை வீடு. அவர் லேத் பட்டறையில், நான் ஒரு பள்ளி அலுவலகத்தில். இரண்டு சம்பளமும் சேர்த்து அப்போது 33,000 ரூபாய். கடன் எட்டு இடத்தில், மொத்தம் 3,27,900. கடைசி நகையை வங்கியிலிருந்து திருப்பியது 2025 பிப்ரவரியில். இடையில் லாட்டரியும் விழவில்லை, சொத்தும் வரவில்லை. பட்டறையில் கொஞ்சம் ஓவர்டைம், தீபாவளி போனஸ், ஒரு சின்னச் சம்பள உயர்வு, அவ்வளவுதான்.

கொரோனாவைக் காரணம் சொல்லலாம். ஆனால் பட்டியலைப் பார்த்தபோது, எதிர்பாராமல் வந்த செலவுக்கு வாங்கியது ஒன்றே ஒன்று: மாமியாரின் ஆபரேஷன். மற்ற ஏழும் வரப்போகிறது என்று நன்றாகத் தெரிந்த செலவுக்கு வாங்கியவை. ஜூனில் பள்ளி திறக்கும், ஐப்பசியில் தீபாவளி வரும், தை பிறந்தால் கல்யாணப் பத்திரிகைகள் வரும். காலண்டரிலேயே அச்சடித்திருக்கும் செலவை ஒவ்வொரு வருஷமும் "திடீர்னு வந்துடுச்சு" என்று சொல்லிக்கொண்டிருந்தோம். கீழே சொல்லப்போகும் வழி முழுக்க இந்த ஒரு விஷயத்தைச் சுற்றித்தான்.

1. ஒரு மாதம் எழுதுங்கள், எதையும் குறைக்காதீர்கள்

நாற்பது பக்க நோட்டு ஒன்று போதும். மொபைல் செயலியில் எழுத முடிந்தால் எழுதுங்கள், எனக்கு வரவில்லை. நோட்டை அடுப்பங்கரையில், அஞ்சறைப்பெட்டிக்குப் பக்கத்தில், பேனாவை நூலில் கட்டித் தொங்கவிட்டு வைத்தேன். பேனா தேடுகிற இரண்டு நிமிஷத்தில் செலவு மறந்துபோகும்.

முதல் மாதம் எதையும் குறைக்க முயல வேண்டாம். குறைக்க ஆரம்பித்தால் மறைக்கவும் ஆரம்பித்துவிடுவோம். வீட்டுக்காரர் முதல் வாரம் "டீ 30" என்று எழுதினார். இரண்டாவது வாரம் டீயே காணோம். கேட்டதற்கு, "நீ பார்த்துட்டுத் திட்டுவியே" என்றார். இந்த மாதம் யாரும் யாரையும் எதுவும் கேட்கக் கூடாது என்று பேசி வைத்த பிறகுதான் உண்மைக் கணக்கு வந்தது. வெளியில் குடித்த டீயும் வடையும் 1,100 ரூபாய். அது அவருடையது. என்னுடையது ஷேர் ஆட்டோ, 780 ரூபாய். பள்ளிக்கு டவுன் பஸ் போகிறது. அந்த மே மாதத்திலிருந்து சாதாரணக் கட்டண டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமும் கிடையாது. பத்து நிமிஷம் முன்னால் கிளம்பச் சோம்பல்பட்டதற்கான விலைதான் அந்த 780.

2. எல்லாக் கடனையும் "நூற்றுக்கு மாதம் எவ்வளவு" என்று மாற்றுங்கள்

வங்கி ஆண்டுக்கு இத்தனை சதவீதம் என்கிறது. கைமாற்றுக் கொடுப்பவர் "மூணு வட்டி" என்கிறார். தண்டல்காரர் வட்டி என்ற வார்த்தையையே சொல்வதில்லை. பைக் கடன் கொடுப்பவர் தவணையை மட்டும் சொல்வார். ஒவ்வொருவரும் ஒரு பாஷை பேசினால் எது விலை கூடிய கடன் என்று எப்படித் தெரியும்? நமக்குப் பழகிய கணக்கு நூற்றுக்கு மாதம் எத்தனை ரூபாய் என்பதுதான். எல்லாவற்றையும் அதற்குள் கொண்டுவந்துவிடுங்கள்.

தண்டல்: 20,000 என்று பேசி, 3,000 பிடித்துக்கொண்டு கையில் 17,000 கொடுத்தார்கள். தினம் 200 வீதம் 100 நாள். பார்க்க 15 சதவீதம் மாதிரி இருக்கும். ஆனால் முதல் நாளிலிருந்தே திருப்பிக் கட்டிக்கொண்டே வருகிறோம். சராசரியாக நம் கையில் இருப்பது 8,500 ரூபாய்தான். அதற்கு நூறு நாளில் 3,000 வட்டி. நூற்றுக்கு மாதம் பத்து ரூபாய்க்கு மேல் வருகிறது.

கிரெடிட் கார்டு: பாக்கி 38,000. மாதம் மூன்றரை, அதன்மேல் ஜிஎஸ்டி 18 சதவீதம். நூற்றுக்கு நாலு ரூபாய் ஆகிவிடும். குறைந்தபட்சத் தொகை 1,900 மட்டும் கட்டிக்கொண்டிருந்தோம். அதில் வட்டியும் வரியும் போக அசலில் கழிந்தது 330 ரூபாய் சொச்சம். அந்த வேகத்தில் போனால் மகள் கல்யாணம் வரை கட்டலாம்.

புரோநோட்டு எழுதிக் கொடுத்து வாங்கிய 60,000: மூன்று வட்டி, மாதம் 1,800. மகளிர் குழுக் கடன் 24,000: இரண்டு வட்டி. பைக் கடன் 40,600: ஆண்டுக்கு 11 சதவீதம் என்றார்கள், ஆனால் அது ஃப்ளாட் ரேட். கடைசி மாதம் வரை முழு அசலுக்கும் வட்டி போடும் கணக்கு. குறைந்துவரும் அசலுக்குப் போட்டால் கிட்டத்தட்ட இரண்டு மடங்கு. நூற்றுக்கு ஒன்றரை ரூபாய்க்கு மேலே என்று எழுதிக்கொண்டேன். வங்கியில் நகைக்கடன் 1,20,000: ஆண்டுக்கு ஒன்பதரை, அதாவது நூற்றுக்கு மாதம் 80 பைசா. நாத்தனார் வீட்டுக்காரரிடம் வாங்கிய 30,000: வட்டி இல்லை. அண்ணாச்சி கடைப் பாக்கி 4,300: வட்டி இல்லை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

தண்டலில் அப்போது பாக்கி 11,000.

3. எந்த ஓட்டையை முதலில் அடைப்பது

பட்டியல் போட்ட உடனே எங்கள் வீட்டில் எழுந்த பேச்சு, "முதல்ல நகையைத் திருப்புவோம்." நகை அடகில் இருக்கிறது என்றால் விசேஷ வீட்டில் தலைகாட்டக் கூச்சம். ஆனால் நூற்றுக்கு 80 பைசா கடனை முடிக்க அவசரப்பட்டு, நாலு ரூபாய்க் கடனை ஓடவிடுவது கூச்சத்துக்குக் கொடுக்கும் வட்டி. நகைக்கடன்தான் கடைசி. சொல்லப்போனால், கையில் மிச்சமிருந்த இரண்டு சவரன் வளையலையும் கொண்டுபோய் வைத்து 50,000 வாங்கினேன். கார்டு பாக்கி 38,000-ஐ ஒரேயடியாக அடைத்து, மீதி 12,000-ஐ புரோநோட்டு அசலில் கட்டினோம். அதுவரை அந்த 50,000-க்கு மாதம் 1,900 ரூபாய்க்கு மேல் வட்டி போய்க்கொண்டிருந்தது. வளையலுக்கு 396 ரூபாய்.

இதில் ஒரு பெரிய ஆபத்து உண்டு. கார்டு காலியானதும் மறுபடி தேய்க்க ஆரம்பித்தால் நகையும் போய், கார்டுக் கடனும் நிற்கும். எனவே பாக்கி பூஜ்யம் என்று வந்த அன்றே கார்டை மூடச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டோம். உங்களிடம் அந்தக் கட்டுப்பாடு இல்லையென்றால் நகையைத் தொடாதீர்கள். இன்னொன்று, நகைக்கடனில் வட்டியை மாதாமாதம் கட்டிவிடுங்கள். வருஷக் கடைசியில் மொத்தமாகக் கட்டிக்கொள்ளலாம் என்று விட்டு, ஏல நோட்டீஸ் வந்த பிறகு ஓடியவர்களைப் பார்த்திருக்கிறேன்.

தண்டல்தானே விலை கூடியது, அதை ஏன் முதலில் அடைக்கவில்லை என்று கேட்கலாம். தண்டலில் வட்டியை முதலிலேயே பிடித்துவிடுகிறார்கள். பாக்கி 55 நாளையும் இன்றே கட்டினாலும் சல்லிக்காசு குறையாது, கேட்டுப் பார்த்தேன். ஓடி முடியட்டும் என்று விட்டோம். அங்கே கண்கொத்திப் பாம்பாக இருக்க வேண்டிய நாள் வேறு. எழுபது, எண்பது நாள் ஆனதும் வசூலுக்கு வருகிறவர், "அக்கா, புதுசு போட்டுத் தரட்டுமா? பழைய பாக்கியைக் கழிச்சுக்கலாம்" என்பார். அதற்கு மட்டும் தலையாட்டாமல் இருந்தால் போதும். அவர் மூன்று நாள் கேட்டார். நாலாம் நாள் கேட்கவில்லை.

மற்றவற்றில் வட்டி கூடியது முதலில் என்பதுதான் கணக்கு. இரண்டு இடத்தில் மட்டும் மீறினேன். நாத்தனார் வீட்டுக்கு வட்டி இல்லை, கணக்குப்படி கடைசி. ஆனாலும் முதல் மாதத்திலிருந்தே ஆயிரம் ரூபாய் கொடுத்தோம். கேட்காமல் இருப்பவருக்குக் கொடுக்காமலே இருந்தால், பணம் திரும்பிப் போகும்போது உறவு இருக்காது. இரண்டாவது, அண்ணாச்சி கடை. அதை அடுத்த மாதமே அடைத்தேன். காரணம் பின்னால் வருகிறது.

4. கடன் கொடுத்தவரிடம் நாமே போய்ப் பேசுவது

தெருமுனையில் அவர் வண்டியைப் பார்த்துச் சந்துக்குள் ஒதுங்குகிற வரை வட்டி நம்மைவிட வேகமாக நடக்கும். புரோநோட்டுக்காரரிடம் நேரில் போய், "வட்டி நிற்காது, மாதம் அசலிலும் நாலாயிரம் தருகிறோம், வாங்கிக்கொள்ளுங்கள்" என்றோம். இவர்களில் பலருக்கு அசல் திரும்புவதில் ஆர்வம் இருக்காது, வட்டிதான் வருமானம். முனகினார், ஆனால் ஒத்துக்கொண்டார். ஒவ்வொரு முறையும் புரோநோட்டின் பின்பக்கம் தேதி போட்டு வரவு எழுதி வாங்குங்கள். 48,000-க்கு 1,440 வட்டி என்றால், 44,000 ஆனதும் 1,320. அந்தக் குறைவைக் கேட்டு வாங்க வேண்டியது நீங்கள்தான். அவர்களாகக் குறைக்க மறந்துபோவார்கள்.

மிரட்டல், வீட்டு வாசலில் வந்து உட்காருவது என்று போனால் அது வேறு விஷயம். கந்துவட்டி, மீட்டர் வட்டி, ரன் வட்டி வாங்குவதைத் தடுக்கத் தமிழ்நாட்டில் 2003-இலேயே சட்டம் வந்திருக்கிறது. காவல் நிலையத்திலும் கலெக்டர் அலுவலகத்திலும் புகார் கொடுக்கலாம். வங்கி, நிதி நிறுவனங்களின் வசூல் ஆட்கள் காலை 8 மணிக்கு முன்னும் இரவு 7 மணிக்குப் பின்னும் தொந்தரவு செய்யக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. மொபைல் கடன் செயலிகளில் மாட்டி, போட்டோவை அனுப்பி மிரட்டுகிறார்கள் என்றால் பணம் கட்டிச் சமாளிக்கப் பார்க்காதீர்கள். 1930 என்ற எண்ணில் சைபர் குற்றப் புகார் கொடுங்கள்.

5. சமையலறை

சிக்கனம் என்றதும் எல்லாரும் கரன்டை அணைப்பதைச் சொல்வார்கள். எங்கள் நோட்டில் பெரிய எண் மளிகைதான்.

அண்ணாச்சி கடையில் நீளமான பாக்கி நோட்டு ஒன்று இருக்கும். எங்கள் பக்கத்தில், என் கையெழுத்து, அவர் கையெழுத்து, கடைப் பையன் கையெழுத்து என்று மூன்று இருந்தது. மகள் எடுத்த பிஸ்கட் பாக்கெட்டும் அதில் இருந்தது. அது எனக்கே தெரியாது. பாக்கி வைத்திருப்பவளால் விலை கேட்க முடியாது. "துவரம்பருப்பு என்ன விலை?" என்று கேட்க வாய் வராது, சுமாரான பருப்பைக் கட்டிக் கொடுத்தாலும் பேசாமல் வாங்கி வர வேண்டும். அதுதான் அந்தக் கடனுக்கு வட்டி. 4,300-ஐ அடைத்துவிட்டு அடுத்த மாதம் கையில் காசோடு நின்றபோதுதான், அதே கடையில் பருப்பு இரண்டு தரத்தில் இருப்பதே எனக்குத் தெரிந்தது. இன்றைக்கும் அங்கேதான் வாங்குகிறேன். அவர் மேல் குற்றமில்லை.

ரேஷன் கடையை விட்டுவிடாதீர்கள். அரிசி அட்டைக்கு அரிசி இலவசம், துவரம்பருப்பு கிலோ 30 ரூபாய், பாமாயில் லிட்டர் 25 ரூபாய், சர்க்கரை 25 ரூபாய். வெளிக்கடை விலையோடு ஒப்பிட்டுப் பார்த்தால், பருப்பிலும் எண்ணெயிலும் மட்டும் மாதம் இருநூறு ரூபாய் மிச்சமாகும். "ரேஷன் அரிசி எங்க வீட்டுல யாரும் சாப்பிட மாட்டாங்க" என்று நானும் சொன்னவள்தான். சோற்றுக்குப் பிடிக்கவில்லையென்றால் மாவுக்குப் போடலாம். நாலு பங்கு ரேஷன் புழுங்கலரிசிக்கு ஒரு பங்கு உளுந்து, கொஞ்சம் வெந்தயம். நன்றாகக் கழுவி நாலைந்து மணி நேரம் ஊறவைத்தால் இட்லியில் வித்தியாசம் தெரியாது. கடையில் மாவு பாக்கெட் வாங்கிக்கொண்டிருந்தோம், வாரம் மூன்று. அது நின்றது.

பருப்பும் எண்ணெயும் எந்தத் தேதியில் வருகின்றன என்று கடைக்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். அரிசி எப்போதும் இருக்கும், பருப்பு தீர்ந்துவிடும்.

காய்கறிக்கு உழவர் சந்தை. 1999-இல் மதுரை அண்ணா நகரில் முதலாவது திறந்த பிறகு அநேகமாக எல்லா ஊரிலும் வந்துவிட்டது. விடிகாலையில் போனால் காய் நன்றாக இருக்கும், கடைசி நேரத்தில் போனால் விலை குறையும். இரண்டும் ஒன்றாகக் கிடைக்காது. ஞாயிற்றுக்கிழமை ஒரு வாரத்துக்கு வாங்கிவிடுகிறேன். முதல் மூன்று நாள் கீரை, வெண்டை, கத்தரி. பிற்பாதி வாரம் பூசணி, சேனை, முள்ளங்கி, கருணை. இந்த வரிசை தப்பினால் வியாழக்கிழமை குப்பைக்குப் போகும், அப்புறம் முட்டை வாங்க ஓட வேண்டும்.

கேஸ் சிலிண்டர் மாட்டிய அன்று காலண்டரில் பென்சிலால் ஒரு வட்டம் போடுவேன். முதலில் 34 நாள் வந்தது. பருப்பை ஊறவைத்துப் போடுவது, கொதித்ததும் தீயைக் குறைப்பது, குளிக்க வெந்நீர் வைப்பதைக் குளிர்காலத்தோடு நிறுத்துவது என்று செய்ததில் 45 நாள் ஆனது. வருஷத்துக்கு இரண்டு சிலிண்டருக்கு மேல் குறையும்.

கறி எடுப்பதை நிறுத்தவில்லை. வாரம் அரைக் கிலோ, அவ்வளவுதான். வாய்க்கு ருசியாக எதுவுமே இல்லாத சிக்கனம் மூன்று மாதம் தாங்காது. ஒருநாள் எல்லாரும் வெறுத்துப்போய் ஓட்டலில் ஆயிரம் ரூபாய்க்குச் சாப்பிட்டு வருவோம். புரட்டாசியில் எப்படியும் கறி கிடையாது. அந்த மாதம் மிச்சமாகும் காசை நேராகத் தீபாவளிக்கு எடுத்து வைத்துவிடுவேன்.

6. கரன்ட், மருந்து

இரண்டும் சுருக்கமாகவே போதும். கரன்டில் இரண்டு மாதக் கணக்கில் முதல் 100 யூனிட் இலவசம். கவனிக்க வேண்டிய எண் 500. அதைத் தாண்டினால், தாண்டிய யூனிட்டுக்கு மட்டுமல்ல, கீழே இருக்கும் யூனிட்டுகளில் ஒரு பகுதிக்கும் சலுகை விலை போய்விடுகிறது. எனவே நாற்பத்தைந்தாம் நாள் மீட்டரை ஒருமுறை பாருங்கள். பழைய ஃபேன் சுமார் 75 வாட். இப்போது வரும் பிஎல்டிசி ஃபேன் 30 வாட். தினம் 12 மணி நேரம் ஓடினால் இரண்டு மாதத்துக்கு 32 யூனிட் மிச்சம். ஆனால் கடனில் இருக்கும்போது ஓடுகிற ஃபேனை மாற்ற வேண்டாம். அது பழுதானால் அப்போது இதை வாங்குங்கள்.

மாமியாரின் சர்க்கரை, பிரஷர் மாத்திரை இப்போது மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் வீட்டுக்கே வருகிறது. மற்ற மருந்துக்கு மக்கள் மருந்தகம், 2025 பிப்ரவரியிலிருந்து முதல்வர் மருந்தகம். மருத்துவர் எழுதியதைக் காட்டி, அதே மூலப்பொருள் உள்ள ஜெனரிக் மருந்து இருக்கிறதா என்று கேளுங்கள். ஆண்டு வருமானம் 1,20,000-க்குள் இருந்தால் முதலமைச்சரின் காப்பீட்டு அட்டையை உடனே எடுத்துவிடுங்கள். எங்களுக்கு அது வராது. ஆனால் மாதச் சம்பளம் 21,000 வரை உள்ளவர்களுக்கு, நிறுவனம் பதிவு பெற்றிருந்தால், இஎஸ்ஐ என்ற தொழிலாளர் காப்பீடு உண்டு. என் சம்பளச் சீட்டில் அது பிடித்தம் ஆகிக்கொண்டே இருந்திருக்கிறது. மாமியாரின் ஆபரேஷனை ஒரு தனியார் ஆஸ்பத்திரியில், மூன்று வட்டிக்கு வாங்கிய பணத்தில் செய்தபோதும் அது பிடித்தம் ஆகிக்கொண்டுதான் இருந்தது. மாமியாரைச் சேர்க்க முடிந்திருக்குமா என்பது வேறு. அலுவலகத்தில் உட்கார்ந்திருக்கும் நான் ஒருமுறை கேட்கக்கூட இல்லை.

காப்பீட்டில் இன்னும் இரண்டு: வங்கிக் கணக்கிலிருந்து ஆண்டுக்கு 20 ரூபாய் பிடிக்கும் விபத்துக் காப்பீடும், 436 ரூபாய் பிடிக்கும் ஆயுள் காப்பீடும். இரண்டும் தலா 2 லட்சத்துக்கு. கடன் உள்ள வீட்டில் சம்பாதிக்கிற இரண்டு பேருக்கும் இவை இருக்க வேண்டும்.

7. வருஷச் செலவைப் பன்னிரண்டாக வகுப்பது

இதுதான் முக்கியமான இடம். ஒரு காலண்டரை விரித்து வைத்துக்கொண்டு எழுதினோம். பள்ளிக் கட்டணம் 24,000. சீருடை, நோட்டு, ஷூ 6,000. தீபாவளி 10,000. பொங்கல் 3,000. குலசாமி கோயில் போய்வர 4,000. மொய் 12,000. பைக் இன்சூரன்ஸ், சர்வீஸ் 3,500. காய்ச்சல், பல்வலி 6,000. கூட்டினால் 68,500. பன்னிரண்டால் வகுத்தால் மாதம் 5,700 சொச்சம்.

அந்த 5,700 எங்கள் சம்பளத்தில் இல்லவே இல்லாதது மாதிரி அதுவரை வாழ்ந்திருக்கிறோம். அதுதான் வருஷா வருஷம் கடனாக வந்து நின்றது.

முதல் வருஷம் முழுத்தொகை போட முடியவில்லை, 2,000 தான் போட்டோம். அந்தத் தீபாவளிக்கு மகளுக்கு மட்டும் புதுத்துணி. வீட்டுக்காரர் பொங்கல் வேட்டியை வெளுத்து உடுத்திக்கொண்டார். பைக் தவணை 14 மாதத்தில் முடிந்ததும், மறுமாதமே அந்த 2,900 இந்தக் கணக்குக்குப் போக ஆரம்பித்தது. தவணை கட்டிப் பழகிய பணம் வீட்டுச் செலவுக்குள் வந்து கலப்பதற்குள் திருப்பிவிட வேண்டும். ஒரு மாதம் விட்டால் காணாமல் போய்விடும்.

எங்கே போட்டு வைப்பது? ஏடிஎம் கார்டு வாங்காத, மொபைலில் இணைக்காத தனி வங்கிக் கணக்கு, அல்லது வங்கியில் 12 மாத ஆர்டி (மாதாமாதம் கட்டும் தொடர் வைப்பு). அஞ்சலக ஆர்டி நல்லதுதான், மாதம் 100 ரூபாயிலிருந்து போடலாம். ஆனால் அது ஐந்து வருஷம். ஜூன் மாதக் கட்டணத்துக்கு உதவாது. தெருவில் பிடிக்கும் தீபாவளிச் சீட்டு வேண்டவே வேண்டாம். ஐப்பசியில் ஆள் ஊரில் இருப்பார் என்பதற்கு யாரும் பொறுப்பில்லை. ஏலச்சீட்டு போட்டே தீருவேன் என்றால் 1982-ஆம் ஆண்டுச் சீட்டு நிதிச் சட்டப்படி பதிவான சீட்டா என்று பாருங்கள். அதிலும் ஆரம்பத்திலேயே தள்ளுபடி கொடுத்து ஏலத்தில் எடுத்தால் அது கடன், கடைசி வரை காத்திருந்து எடுத்தால்தான் சேமிப்பு.

இந்தக் கணக்கோடு இன்னொரு பத்தாயிரம் தனியாக இருக்கட்டும். கடன் இருக்கும்போது எதற்குச் சேமிப்பு என்று தோன்றும். அந்தப் பத்தாயிரம் இல்லாததால்தான் தண்டல்காரர் தேவைப்பட்டார்.

8. மொய்

மதுரை, தேனி, திண்டுக்கல் பக்கம் இருப்பவர்களுக்கு இதைச் சொல்லாமல் வழிகாட்டி முடியாது. இங்கே மண்டப வாசலில் கணினி வைத்து, மொய் செய்தவுடன் பெயர், ஊர், தொகையோடு ரசீது அச்சடித்துக் கொடுக்கிறார்கள். ரசீது கொடுக்கிற விஷயத்தை அன்பளிப்பு என்று நம்பிக்கொண்டிருந்தது என் தவறு. அது கடன். மகளின் காதணி விழாவில் வந்த 86,000, எட்டு வருஷத்துக்கு, ஒவ்வொரு முகூர்த்தத்திலும் கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பிப் போக வேண்டிய பணம். நாங்கள் அதில் டிவியும் பீரோவும் வாங்கியிருந்தோம்.

மொய் நோட்டை எடுத்து இரண்டு பத்தி போடுங்கள்: நமக்கு வந்தது, நாம் செய்தது. யாருக்கு நாம் பாக்கி, யார் நமக்குப் பாக்கி என்று வந்துவிடும். பத்திரிகை வந்தால் முதலில் நோட்டு, பிறகுதான் பர்ஸ். வந்ததற்கு மேல் கூட்டிச் செய்தால் அந்தக் கணக்கு தொடரும். வந்ததை மட்டும் செய்தால் முடிந்தது என்று அர்த்தம். கடன் முடியும் வரை எங்களுக்கு நெருங்கியவர்கள் பதினைந்து வீட்டுக்கு மட்டும் கூட்டிச் செய்தோம், மற்றவர்களுக்கு வந்தது அப்படியே. இரண்டு பேர் முகம் சுருங்கியது உண்மைதான்.

கடனை அடைப்பதற்காகவே, மொய் வாங்குவதற்கென்று நடத்தும் வசந்த விழா வைக்கலாம் என்று ஒரு சித்தப்பா யோசனை சொன்னார். மண்டபம், சாப்பாடு, பந்தல் செலவு போக மிஞ்சுவது பாதிதான், ஆனால் திருப்பிச் செய்ய வேண்டியது முழுதும். மூன்று வட்டிக்கு வாங்குவதைவிட மோசம்.

9. முடியும்போது வாங்க வேண்டிய காகிதங்கள்

கடன் பணத்தோடு முடிவதில்லை. பைக் கடன் முடிந்ததும் தடையில்லாச் சான்று வாங்கி, ஆர்டிஓ அலுவலகத்தில் ஆர்சி புத்தகத்திலிருந்து நிதி நிறுவனத்தின் பெயரை நீக்க வேண்டும். இதை விட்டால் வண்டியை விற்கும்போது அலைய வேண்டியிருக்கும். கார்டோ தனிநபர் கடனோ, "கொஞ்சம் குறைத்துக் கட்டுங்கள், செட்டில்மென்ட் பண்ணிக்கலாம்" என்றால் யோசியுங்கள். நாம் கடன் கட்டிய விவரம் பதிவாகும் சிபில் அறிக்கையில் "முடிக்கப்பட்டது" என்று வராமல் "செட்டில் ஆனது" என்று நிற்கும், அடுத்த முறை வீட்டுக் கடன் கேட்டுப் போனால் அது முன்னால் வந்து நிற்கும். வீட்டுப் பத்திரம் அடமானத்தில் இருந்தால், முழுதும் கட்டிய 30 நாளுக்குள் வங்கி அதைத் திருப்பித் தர வேண்டும். வங்கியின் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு என்று ரிசர்வ் வங்கி விதி வைத்திருக்கிறது.

புரோநோட்டும், அதோடு கொடுத்த வெற்றுக் காசோலையும் கையில் வராமல் கடைசித் தவணையைக் கொடுக்காதீர்கள். எங்களுக்குக் கொடுத்தவர், "அதுதான் முடிஞ்சுதேம்மா, நானே கிழிச்சுப் போட்டுடறேன்" என்றார். பரவாயில்லை, கொடுங்கள் என்று வாங்கி, முன்பக்கம் குறுக்கே கோடு போட்டு, "பைசல்" என்று அவர் கையாலேயே எழுதித் தேதியோடு கையெழுத்தும் வாங்கினேன். அது பீரோவில் இருக்கிறது.

10. முடிந்த பிறகு

2025 மே மாதம் ஃபிரிட்ஜ் நின்றுபோனது. கம்ப்ரஸர் போய்விட்டது, சரி செய்தால் புதுசு விலையில் பாதி ஆகும் என்றார் மெக்கானிக். கடையில் போய் நின்றதும் விற்பனைப் பையன், "சார், ஜீரோ வட்டி இஎம்ஐ இருக்கு, பத்து மாசம்" என்றார். ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை என்று கேட்டேன். உள்ளே போய்க் கேட்டுவந்து 900 குறைத்துச் சொன்னார். இஎம்ஐ-க்குப் பிராசசிங் கட்டணம் எவ்வளவு என்று கேட்டதற்கு 300 என்றார். ஜீரோ வட்டி 1,200 ரூபாய் என்று வீட்டுக்காரர் மெதுவாகச் சொன்னார்.

தனிக் கணக்கில் அன்றைக்கு இருந்தது 21,400. ஃபிரிட்ஜ் 16,500. ஆனால் ஜூன் கட்டணத்துக்கு வைத்திருந்ததும் அதற்குள்தான் இருந்தது. அதனால் அன்று வாங்கவில்லை. மே, ஜூன் இரண்டு மாதமும் பாலைக் காலையிலும் மாலையிலும் அரை லிட்டராக வாங்கிக் காய்ச்சினோம். மாவை அன்றன்றைக்கு வேண்டியது மட்டும் அரைத்தேன். தண்ணீருக்கு மண்பானை வந்தது. கட்டணம் கட்டி முடித்து, ஆடி இரண்டாம் வாரம் அதே கடைக்குப் போனோம். பையன் எங்களை அடையாளம் வைத்திருந்தார், இஎம்ஐ பேச்சை எடுக்கவில்லை. தள்ளுபடி போக 15,800. அன்று ராத்திரி நோட்டில் எழுதும்போது நூலில் கட்டிய பேனா எழுதவில்லை, மகளின் பென்சிலால் எழுதினேன். ஃபிரிட்ஜ் வந்தும் மண்பானையை எடுக்கவில்லை, மாமியாருக்கு அந்தத் தண்ணீர்தான் பிடிக்கிறது.